வரி, நன்கொடை, சந்தா: தெய்வங்களின் எண்ணிக்கை சமூகத்தை மாற்றுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம், இந்துக் குடும்பம். கட்டப்போகும் பெண் நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புரோட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்) குடும்பம். இரண்டு வீட்டிலும் சம்மதம் கிடைத்துவிட்டது, ஆனால் பேச்சு ஓயவில்லை. உங்கள் மாமா, பல தெய்வத்தைக் கும்பிடுகிறவன்தான் அடுத்தவன் தெய்வத்தையும் மதிப்பான் என்கிறார். பெண்ணின் அப்பா, கடவுள் ஒருவர் என்று நம்பினால்தான் மனிதர் எல்லாரும் சமம் என்ற எண்ணம் வரும், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அப்படித்தானே இந்த மண்ணுக்கு வந்தன என்கிறார். வரலாறு யார் பக்கம் என்று கேட்கிறீர்கள். எந்தக் கடவுள் உண்மை என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அதற்குள் போகவில்லை. தெய்வங்களின் எண்ணிக்கைக்கும் மனிதர் கூடி வாழும் விதத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கல்லூரியில் 28 ஆண்டு சமூகவியல் சொல்லிக்கொடுத்தவன். விடுமுறை நாள்களில் பெரும்பகுதி நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் குடும்பக் கோயில்களின் வரி (கோயிலுக்கு உரிய குடும்பங்கள் கட்டும் பங்குப் பணம்) நோட்டுகளையும் சபைகளின் பதிவேடுகளையும் பார்த்து எழுதுவதில் போனது. என் குடும்பத்திலேயே ஒரு கிளை சி.எஸ்.ஐ., மறு கிளைக்குச் சாஸ்தா கோயில். கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள்தான். ஆனால் கடற்கரை ஊர்களுக்கு நான் விருந்தாளியாகப் போனவன், பள்ளிவாசல் ஜமாஅத்துகளை வெளியிலிருந்து பார்த்தவன். அந்த இரண்டைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை தெய்வம் என்பது சமூகத்தில் பெரிய வித்தியாசத்தைச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெய்வத்தின் பேரில் கூடுகிற கூட்டத்துக்குள் ஒருவர் எப்படி நுழைகிறார் என்பதுதான் வித்தியாசத்தைச் செய்கிறது. பிறப்பாலும் மண்ணாலும் சேர்கிற கூட்டம் ஒரு வகை. பெயர் கொடுத்துச் சேர்கிற கூட்டம் இன்னொரு வகை. பல தெய்வ வழிபாடு பெரும்பாலும் முதல் வகையாகவும், ஒரு கடவுள் வழிபாடு பெரும்பாலும் இரண்டாம் வகையாகவும் அமைந்துவிட்டதால், எண்ணிக்கைதான் காரணம் என்று தோன்றுகிறது.

கல்குளம் வட்டத்தில் ஓர் ஊரில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். மதுரைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த ஒருவர் அங்கே 20 ஆண்டு வாடகை வீட்டில் இருந்தார். மனைவி இசக்கியம்மனிடம் வேண்டிக்கொண்டு பிள்ளை பிறந்தது. அந்த வருசக் கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) அவரும் ஊர்க்காரரைப் போல வரி கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோயில் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாரே, நன்கொடை எவ்வளவு வேணும்னாலும் தாருங்க, ரசீது போட்டுத் தாறோம். வரி மட்டும் வாங்க முடியாது. வாங்கினா உங்களுக்குப் பங்கு வந்திரும்." வரி கொடுக்கிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு, படைப்புச் சோற்றில் பங்கு உண்டு, பிறகு அவர் மகனுக்கும் அது போகும். அம்மன் அவருக்குப் பிள்ளை கொடுத்தாள், கோயில் அவரை ஏற்கவில்லை. அம்மன் எல்லாருக்கும் உரியவள், கோயில் அந்த நாற்பது குடும்பத்துக்கு உரியது.

அதே தெருவுக்கு அதே சமயத்தில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வந்தது. பழைய சபையிலிருந்து கடிதம் கொண்டுவந்தார்கள். பெயர் பதிவேட்டில் ஏறியது, சந்தா கட்டினார்கள், கமிட்டித் தேர்தல் வந்தபோது ஓட்டும் போட்டார்கள். முந்தின வருசம் வரை யாரென்றே தெரியாதவர்கள். இந்த இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான், புத்தகங்களில் படித்ததெல்லாம் எனக்கு ஓர் ஒழுங்குக்கு வந்தது.

முதல் வகைக் கூட்டத்தைக் குறுகிய மனம் என்று எண்ணிவிடக் கூடாது. அது செய்யும் வேலையை வேறு யாரும் செய்வதில்லை. பங்குனி உத்திரத்தன்று தெற்கே ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தாவைத் தேடிப் போகிறது. சென்னையில், வளைகுடாவில் இருக்கிறவர்கள்கூட வருகிறார்கள். எந்தச் சாஸ்தா என்று தெரிந்தால் யார் யாருக்குப் பங்காளி, யாருக்குள் பெண் எடுக்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். எழுதி வைக்காத உறவுப் பதிவேடு அது. அடுத்தது, ஊர் மறக்கக் கூடாத சாவுகளை அது மறக்காமல் வைத்திருக்கிறது. நகைக்காகக் கொல்லப்பட்ட பெண், வயிற்றில் பிள்ளையோடு செத்தவள், ஆதிக்கக்காரரின் கோபத்தில் வெட்டுப்பட்ட பையன் என்று இவர்கள் எல்லாரும் இங்கே இசக்கியாகவும் மாடனாகவும் நிற்கிறார்கள். கொடை இரவில் வில்லுப்பாட்டுக்காரர் அந்தச் சாவை முழுக்கப் பாடுகிறார். கொன்றவரின் வழிவந்தவர்களும் அதே பந்தலில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. கோர்ட்டில் தண்டனை கிடைக்காத கொலைக்கு வருசா வருசம் ஒரு விசாரணை நடப்பதாகவே நான் இதைப் பார்க்கிறேன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து மாண்ட தம்பிமாருக்கும் (முந்தின மன்னரின் மகன்கள்) இங்கே வில்லுப்பாட்டுக் கதை உண்டு. வென்ற அரசரின் நாட்டிலேயே தோற்றவர்களின் கதையை மக்கள் பாடி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அதே அரசரின் காலத்தில் நடந்த இன்னொரு சாவைப் பாருங்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அநியாயச் சாவு, கொன்ற இடம், அங்கே ஒரு பாறை, அந்தப் பாறையைத் தொட்டுக் கும்பிடும் மக்கள் என்று எல்லாம் ஒரு மாடன் கோயில் உருவாகும் அதே வழிதான். அவர் கைதியாக இருந்தபோது முட்டியால் இடித்து நீர் வரவைத்ததாகச் சொல்லப்படும் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லா மதமும் இருக்கும். ஆனால் இதற்குப் பிறகு பாதை பிரிகிறது. தேவசகாயத்தின் சாவு கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து ரோமுக்குப் போனது. விசாரணை நடந்தது, ஆவணங்கள் சேர்ந்தன, 2012 டிசம்பரில் முக்திப்பேறு பெற்றவர் (புனிதருக்கு முந்தின படி), 2022 மே 15இல் புனிதர். நடுவில் அவர் பெயரிலிருந்த சாதிப் பின்னொட்டை எடுத்துவிடுங்கள் என்று கோரிக்கை போனபோது ரோம் அதை எடுத்தது.

நான் சொல்லும் வித்தியாசம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. மாடனுக்குச் சான்றிதழ் வேண்டாம், ஊர் பயந்தால் போதும், ஊர் அழுதால் போதும். அதனால் எவ்வளவு எளியவரும் தெய்வமாகலாம். ஆனால் அவருடைய செய்தி ஐந்து மைலுக்கு அப்பால் போகாது; கதையில் ஒரு சாதி இழிவாகப் பேசப்பட்டால் அதை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்க ஓர் அலுவலகமும் கிடையாது. புனிதருக்கு 270 ஆண்டு காத்திருக்க வேண்டும், ஆனால் ஆனபிறகு உலகத்தின் எந்த மூலையிலும் அவர் பெயரில் கோயில் கட்டலாம், அவர் பெயரை ஓர் ஆணையால் திருத்தவும் முடியும். இதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இரண்டும் வெவ்வேறு பசிக்குச் சோறு.

சரி, உங்கள் மாமா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதை 1757இலேயே டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி எழுதிவிட்டார். பல தெய்வம் கும்பிடுகிறவருக்கு இன்னொரு தெய்வத்தைச் சேர்த்துக்கொள்வது எளிது, ஒரே கடவுள் என்கிறவருக்கு மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்பது அவர் வாதம். நம் காலத்தில் யான் அஸ்மான் என்ற ஜெர்மானிய எகிப்தியல் அறிஞர் இதைக் கூர்மையாக்கினார். முன்பு ஒரு நாட்டின் தெய்வப் பெயரை இன்னொரு நாட்டின் தெய்வப் பெயராக மொழிபெயர்க்க முடிந்தது. உண்மைச் சமயம், பொய்ச் சமயம் என்ற பிரிப்பு வந்தபின் அந்த மொழிபெயர்ப்பு நின்றது என்றார். நம் மாவட்டத்தில் மகா சிவராத்திரிக்கு நடக்கும் சிவாலய ஓட்டத்தைப் பார்த்தால் இது உண்மை என்றே படும். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி 12 சிவன் கோயில்களுக்கு ஓடுகிறார்கள், வாயில் வருவதோ "கோவிந்தா! கோபாலா!" யாருக்கும் அது முரணாகத் தோன்றுவதில்லை. ஓட்டம் முடிகிற பன்னிரண்டாவது கோயில் திருநட்டாலம், தேவசகாயம் பிறந்த அதே நட்டாலம்.

ஆனால் சுசீந்திரத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். தாணு, மால், அயன் என்று மூன்று தெய்வமும் ஒரே மூலவராக நிற்கும் கோயில் அது. தெய்வங்களுக்குள் இதைவிட இணக்கம் இருக்க முடியாது. அந்தக் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூரின் அரசுக் கோயில்களுக்குள் எல்லா இந்துக்களும் போகலாம் என்ற பிரகடனம் 1936 நவம்பர் 12இல்தான் வந்தது. தெய்வம் தெய்வத்தைச் சகித்தது, மனிதன் மனிதனைச் சகிக்கவில்லை. அந்நாளில் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் தினமும் இலவசச் சாப்பாடு உண்டு, ஆனால் பிராமணருக்கு மட்டும். தானம் இருந்தது, யாருக்கு என்பதில்தான் வேலி.

வெளியுலகத்திலும் இதே கதைதான். கி.மு. 399இல் ஏதென்ஸ், நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை என்று சாக்ரடீஸ்மேல் குற்றம் சாட்டி விஷம் கொடுத்தது. ரோமப் பேரரசர் டெசியஸ் கி.பி. 250 வாக்கில் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார், மறுத்த கிறிஸ்தவர்கள் செத்தார்கள். பிறகு அதே பேரரசு கிறிஸ்தவமானதும் 391, 392இல் தியோடோசியஸ் பழைய பலிகளைத் தடை செய்தார். ஆக உங்கள் மாமா சொன்னதில் பாதி சரி: பல தெய்வ வழிபாடு புதிய தெய்வத்தை எளிதில் ஏற்கும். புதிய ஆளை ஏற்கும் என்பது அதிலிருந்து தானாக வராது. ஊர்த் தெய்வத்துக்கு வணக்கம் செலுத்த மறுப்பவரை அது ஊர்த் துரோகியாகவே பார்த்திருக்கிறது.

பெண்ணின் அப்பா சொன்னதிலும் பாதி உறுதியான உண்மை. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் அழைத்து, 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர் இங்கே வந்தார். 1809இல் மயிலாடியில் சபைக்குக் கோயிலும் பள்ளியும் எழுந்தன. பின்னாளில் மீட் ஐயர் என்ற போதகர் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி, நெய்யூரில் ஆஸ்பத்திரி, கைத்தொழிலாக லேஸ் பின்னல் என்று வளர்ந்தது. மேலாடை உடுத்தும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய நீண்ட போராட்டத்தில் சபை அவர்கள் பக்கம் நின்றதும் மறுக்க முடியாதது. 1859 ஜூலை 26 பிரகடனத்தில் நாடார் பெண்கள் மேலே உடுத்தலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது, அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் இந்த மாவட்டத்துக்கு. இதையெல்லாம் ஒரே கோட்டில் வைத்து, ஒரு கடவுள் நம்பிக்கை இதைக் கொடுத்தது என்று சொல்ல ஆசை வருவது இயல்பு.

அந்தக் கோட்டில் நான் நிறுத்தி யோசிக்கச் சொல்வது கடற்கரையில். பிரான்சிஸ் சவேரியார் 1544இன் இறுதியில் ஒரே மாதத்தில் இந்தக் கரையில் மீனவரான முக்குவர்கள் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அன்றிலிருந்து இந்தக் கரையின் மீனவர் ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கம். ஒரு கடவுள் நம்பிக்கைதான் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவரும் என்றால், மயிலாடிக்கு 260 ஆண்டு முன்பே மணக்குடியிலும் குளச்சலிலும் அது வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடற்கரையில் கோயில் வேறொன்றைக் கொடுத்தது. பிடிபடும் மீனில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகும், பங்குச் சாமியார் ஊருக்கு நீதிபதியாகவும் அரசிடம் பேசும் வாயாகவும் இருப்பார். படிப்பு பரந்து வந்தது வெகு பிந்தித்தான். கரையை விட்டு உள்ளே இருந்த மயிலாடி போன்ற ஊர்களின் புரோட்டஸ்டண்டுச் சபைகள் ஒவ்வொருவரும் பைபிளைத் தானே வாசிக்க வேண்டும் என்றன, அதனால் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துப் பழக வேண்டியிருந்தது. அதே கடவுள்தான், ஏற்பாடு வேறு. இதோடு திருவிதாங்கூர் அரசு 1817இலேயே கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்ததையும், சபைப் பள்ளியைப் பார்த்து மற்றவர்களும் போட்டிக்குப் பள்ளி வைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடிகிற ஆய்வை நான் பார்த்ததில்லை. சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

சமத்துவமும் அப்படியே. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில், ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் வருகிற ஊர்தான், ஒரே கோயிலில் சாதிக்கொரு பக்கம், நடுவில் சுவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவர் இடிபட்டது. ஒரு கடவுளை ஏற்றவுடன் சாதி போகவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை நான் சின்னதாக நினைக்கவில்லை: அந்தச் சுவரை அவமானம் என்று சொல்ல அவர்கள் வேதத்திலேயே வசனம் கிடைத்தது. சுவரை எழுப்பியவர்கள்தான் காரணம் தேட வேண்டியிருந்தது. நம் பக்கமும் திருமூலர் "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்று சொல்லித்தான் வைத்தார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு அந்த வரியைக் காட்டி உள்ளே போக வழி இருந்ததில்லை. அதற்கு 1936இல் அரசாணைதான் வேண்டியிருந்தது.

என் வாதத்துக்கு எனக்குக் கிடைத்த பெரிய சான்று சாமித்தோப்பில் இருக்கிறது. 1809இல் பிறந்து, அய்யாவழி என்ற வழிபாட்டு நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயரை ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் வைக்கக் கூடாது என்று முத்துக்குட்டி ஆக்கினார்கள். அவர் பேய்களுக்குப் பலியிடுவதை விடச் சொன்னார். சிலை இல்லாமல் கண்ணாடியை வைத்தார். எல்லாரும் தலைப்பாகை கட்டி உள்ளே வரச் சொன்னார். எல்லாச் சாதியும் நீர் எடுக்கக் கிணறு, சேர்ந்து துணி துவைத்து, சேர்ந்து சமைத்து உண்ணும் துவையல் தவசு, ஊர்தோறும் நிழல்தாங்கல் என்ற சிறு வழிபாட்டிடம் என்று கூட்டத்தின் அமைப்பையே மாற்றினார். அய்யாவழி பல தெய்வமா, ஒரு தெய்வமா? அதன் வேதநூலான அகிலத்திரட்டு அம்மானையில் நாராயணரும் உண்டு, சிவனும் உண்டு, எல்லாம் அடங்கும் ஏகமும் உண்டு. எந்தப் பெட்டியிலும் அது அடங்காது. ஆனால் சபைகள் செய்த பல வேலையை அது செய்தது: சேர விரும்பியவரைச் சேர்த்தது, மானத்தைக் கொடுத்தது, இடுப்பில் கட்டிய துண்டைத் தலைக்கு ஏற்றியது. தங்கள் பக்கம் வர வேண்டியவர்கள் அவர் பக்கம் போகிறார்கள் என்று அந்நாளைய மிஷனரி அறிக்கைகளே வருத்தப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கை காரணமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இனி ஆய்வாளர்களே இன்னும் சண்டை போடுகிற பகுதி. தவறு செய்தால் தண்டிக்கும் பெரிய கடவுளை நம்பியதால்தான் முன்பின் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் ஒன்றாக வாழ முடிந்தது, பெரிய சமூகங்கள் எழுந்தன என்று ஒரு கருத்து பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இல்லை, பெரிய சமூகம் முதலில் வந்தது, தண்டிக்கும் கடவுள் பிறகு வந்தார் என்று 2019இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தகவல் கிடைக்காத காலங்களையெல்லாம் 'அப்படிக் கடவுள் இல்லை' என்று கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்று மற்றவர்கள் காட்டியபின் 2021இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். இன்னும் தீரவில்லை. யாராவது இதைத் தீர்ந்த விஷயம் போலப் பேசினால் கவனமாக இருங்கள். எனக்கு நினைவு வருவது சிதறால் மலை. 9ஆம் நூற்றாண்டில் அங்கே சமணர் இருந்ததைப் பாறைச் சிற்பங்களும் கல்வெட்டும் சொல்கின்றன. படைத்துக் காத்துத் தண்டிக்கும் கடவுள் என்ற கருத்தே இல்லாமல், நம் நாட்டிலேயே கடுமையான ஒழுக்க நெறியை வகுத்தவர்கள் அவர்கள். பிற்பாடு அந்தக் கோயிலில் பகவதி வந்தாள்.

மண்டைக்காட்டைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. 1982 மார்ச் 1, அங்கே பகவதி கோயிலில் மாசிக் கொடை நேரம், இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் மோதல். காவல்துறை சுட்டதில் 6 பேர் இறந்தார்கள், பிறகு பல ஊர்களுக்குக் கலவரம் பரவியது. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. அதற்கு முன்பு கடற்கரைக் கிழவிகள் பகவதியையும் மாதாவையும் அக்கா தங்கச்சி என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கடலில் குளித்துவிட்டு அம்மனைக் கும்பிடப் போகும் பெண்களும், அந்தக் கடற்கரையில் வலை காயப்போடும் குடும்பங்களும் தலைமுறைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். பல தெய்வ நம்பிக்கையும் ஒரு கடவுள் நம்பிக்கையும் அன்று புதிதாக வரவில்லை. புதிதாக வந்தது, மாவட்டத்தில் எத்தனை பேர் நம்மவர், எத்தனை பேர் அவர்கள் என்ற கணக்கு. 2011இல் இந்துக்கள் 48.65, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20 விழுக்காடு. இப்படிச் சரிபாதியாக இருக்கும் இடத்தில் தலை எண்ணத் தொடங்கினால் எந்த மதமும் முஷ்டி மடக்கும். அன்று கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பல வருசம் கழித்துப் பார்த்தேன். அவர் எந்தத் தெய்வத்தையும் குற்றம் சொல்லவில்லை, ஆட்களைத்தான் சொன்னார்.

வழக்கத்தில் எல்லை இன்னும் மங்கலாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு நேர்ச்சையோடு வருகிறவர்களில் இந்துக்கள் எத்தனையோ பேர். தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்காவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்கத் தமிழில் பாடும்போது வாசலில் எல்லாரும் நிற்கிறார்கள். ஒரு கடவுள் சமயத்துக்குள்ளும் மக்கள் பக்கத்தில் நிற்கிற ஒருவரைத் தேடிக்கொள்கிறார்கள். பல தெய்வச் சமயத்துக்குள்ளும் எல்லாம் ஒன்றுதானே என்று பாட்டி சொல்லிக்கொண்டுதான் விளக்கேற்றுகிறாள்.

பெயர் கொடுத்துச் சேர்கிற கூட்டத்தை மேலே நிறையப் புகழ்ந்துவிட்டேன், அதன் விலையையும் சொல்ல வேண்டும். ரோமப் பேரரசர் ஜூலியன் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றவர். கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நாம் போடுவதில்லையே என்று 362 வாக்கில் தன் பூசாரி ஒருவருக்கு எழுதினார். இஸ்லாமில் ஜகாத் என்ற தானம் சேமிப்பில் 2.5 விழுக்காடு என்று அளவோடு கடமையாகவே இருக்கிறது. பெயர்ப் பதிவேடு உள்ள கூட்டத்தால்தான் இப்படி ஒழுங்காக உதவ முடியும். அதே பதிவேடு பெயரை அடிக்கவும் செய்யும். என் சித்தப்பா இறந்தபோது ஒரு சபையில், அவர் மகன் வெளியில் கல்யாணம் செய்ததைக் காட்டியும் சந்தா பாக்கியைக் காட்டியும் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர அரை நாள் தாமதித்தார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சித்தி ரசீதுகளைத் தேடிக்கொண்டிருந்தார். குடும்பக் கோயிலில் இது நடக்காது. அங்கே எவ்வளவு தூரம் விலகிப் போனவனும் பங்காளிதான், இருபது வருச வரியை மொத்தமாகக் கட்டிவிட்டு வந்து நிற்கலாம். ஆனால் அங்கே மகளுக்குப் பெரும்பாலும் வரி கிடையாது. கட்டிக்கொடுத்ததும் அவள் பெயர் நோட்டில் இருக்காது. கொடைக்கு வந்து பொங்கலிட்டு அழுதுவிட்டுப் போவாள்; கணக்குக் கேட்க முடியாது. சபைப் பதிவேட்டில் பெண்ணுக்கு அவள் பெயரிலேயே ஓர் இடம் உண்டு.

ஆகவே உங்கள் இருவருக்கும் நான் சொல்வது, மாமாவும் பெண்ணின் அப்பாவும் பேசும் பொதுப் பேச்சை விட்டுவிட்டு, குறிப்பான சில விஷயங்களைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டு வாருங்கள். உங்கள் குடும்பக் கோயில் பெரியவர்களிடம், வேறு மதத்துப் பெண்ணைக் கட்டியவனிடம் வரி வாங்குவார்களா, பிறக்கும் பிள்ளை சபையில் ஞானஸ்நானம் பெற்றாலும் வரி தொடருமா, மகள் பிறந்தால் அவள் பெயர் ஏறுமா என்று கேளுங்கள். சபைப் போதகரிடம், இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் உறுப்பினர் நிலை என்ன ஆகும், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு என்ன நிபந்தனை, நீங்கள் இந்துவாகவே இருந்தால் கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும், கட்டாயம் கேளுங்கள். ஊருக்கு ஊர், சபைக்குச் சபை பதில் மாறும் என்பதால் என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நீங்கள் இருவரும் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். மாசிக் கொடைக்கு மண்டைக்காடு பக்கம் வந்தால் வீட்டுக்கும் வாருங்கள், வரி நோட்டுகளின் நகல் சில என்னிடம் இருக்கின்றன, காட்டுகிறேன்.